பரிசீலனையில் உள்ளது

ஜூன் 2, திங்கள்

இந்த வீட்டில் ஒரு மென்பொருளை நிறுவ எனக்கு அனுமதி வேண்டுமாம். கணினி சொல்கிறது. திரை முழுக்க இருண்டு நடுவில் ஒரு பெட்டி: "தொடர, நிர்வாகியின் கடவுச்சொல்லை உள்ளிடவும்."

வரிசையாக எழுதுகிறேன். எரிச்சலில் எழுதினால் பாதி விட்டுப்போகும். பத்தொன்பது ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராக இருந்த கல்லூரியில் மே மாதத்தோடு என்னை நிறுத்திவிட்டார்கள். மொழியியல் படிக்க ஆள் வருவதில்லையாம். அவர்கள் கொடுத்திருந்த மடிக்கணினியையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையவழியில் தமிழ் கற்பிக்க ஆள் எடுக்கிறது. என் விண்ணப்பத்தைப் பார்த்து, வரும் 20ஆம் தேதி காலை பத்து மணிக்குத் தேர்வு என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய வகுப்பறை மென்பொருளை முன்கூட்டியே நிறுவி வைக்க வேண்டும். கைபேசி ஆகாது. மூடிய அறையில் நான் மட்டும் இருக்க வேண்டும்; நான்கு சுவரையும் கேமராவில் காட்ட வேண்டும். ஆகவே பிரவுசிங் சென்டரும் ஆகாது. நாற்பத்தொன்பது வயதுக்காரியை இன்னொரு தேர்வுக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை.

மீதி இருப்பது ஊரடங்கின்போது மகள் நித்திலாவின் கல்லூரி வகுப்புக்காக வாங்கிய வீட்டுக் கணினி. அதன் நிர்வாகி என் கணவர். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு விடுங்க."

"எதுக்கு?"

சொன்னேன்.

"எழுதிக் குடு."

"என்னத்த?"

"மனுவா எழுதிக் குடு. கண்டதையும் ஏத்திட்டு நாளைக்கு வைரஸ் வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? எதுவா இருந்தாலும் உரிய வழியா வரணும்."

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவர். ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது. நகர்த்தக் கோப்பு இல்லாமல் கை பரபரக்கிறது போலும்.

ஜூன் 3, செவ்வாய்

எழுதிக் கொடுத்தேன். இவருக்கு இவர் மொழியிலேயே.

"அனுப்புநர்: சுகந்தி அறவாழி, எம்.ஏ., எம்.பில்., சமையலறை. பெறுநர்: உயர்திரு நிர்வாகி அவர்கள், வீட்டுக் கணினி, ஹால். ஐயா, பொருள்: மென்பொருள் நிறுவ அனுமதி கோருதல் – சார்பு."

கேலி என்று புரிந்துகொண்டு கோபப்படுவார், கோபத்தில் கடவுச்சொல்லைப் போட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"தேதி போடலையே."

போட்டேன். பழைய டைரி ஒன்றை எடுத்து, அடிக்கோல் வைத்துக் கட்டம் கட்டி, வரிசை எண் 1 என்று பதிந்தார். எதிரே அழகான கையெழுத்தில் எழுதினார்: "பரிசீலனையில் உள்ளது."

ஜூன் 5, வியாழன்

முருங்கைக்காய் சாம்பார், கோவைக்காய்ப் பொரியல். பரிசீலனையில் உள்ளது.

ஜூன் 7, சனி

கணினியைத் திறந்தால் மூன்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன: நிர்வாகி, அறவாழி, விருந்தினர். வாங்கிய புதிதில் நித்திலா அமைத்தது. எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து அடம்பிடித்தவர் இவர். எனக்கு அப்போது கல்லூரி மடிக்கணினி இருந்ததால் என் பெயரில் கணக்கு இல்லை. இப்போது விருந்தினராக நுழைகிறேன். கல்லூரியில் பத்தொன்பது ஆண்டு கௌரவம், வீட்டில் விருந்து. எங்கேயும் நிரந்தரப் பணியிடம் கிடைத்தபாடில்லை.

விருந்தினர் கடிதம் படிக்கலாம், படம் பார்க்கலாம். எதையும் நிறுவக் கூடாது. வீட்டுக்கு வந்தவர் அலமாரியை இடம் மாற்றி வைக்கக் கூடாதல்லவா?

இவர் தினமும் காலையில் பேப்பர் முடிந்ததும் கணினி முன் உட்காருகிறார். நான் சமையலறையில் இருப்பேன். பத்து நிமிடம் தட்டுவார். பிறகு "டொங்" என்று ஒரு சத்தம். மறுபடி தட்டுவார், மறுபடி டொங். சீட்டு விளையாட்டாக இருக்கும். மாதக்கணக்கில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

நினைவூட்டு மனு கொடுத்தேன். வரிசை எண் 2.

"மேலிடத்துல கேக்கணுமா?" என்றேன்.

"அவசரப்பட்டா எப்படி? ஒவ்வொண்ணுக்கும் ஒரு நடைமுறை இருக்குல்ல புரொபசரம்மா?"

புரொபசரம்மா என்றால் இவருக்கு நெருக்கடி என்று அர்த்தம். சாதாரண நாளில் சுகந்திதான்.

நடைமுறையைப் பற்றிப் பேசுகிறார். முப்பத்து நான்கு ஆண்டு நடைமுறையில் உதவியாளருக்கு மேல் போகவில்லை. கண்காணிப்பாளர் பதவி ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டே இருந்தது. அந்தப் பதவியின் ஆங்கிலப் பெயரை இவர் "சூப்ரண்டு" என்பார். இவர் மட்டுமில்லை, அந்த அலுவலகமே அப்படித்தான் சொல்லும். எனக்குக் காது கூசும். கல்யாணமான புதிதில் "சூப்பரின்டென்டென்ட்" என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, பத்து முறை எழுத வைத்தேன். சிரித்துக்கொண்டே எழுதினார். அதன் பிறகு அந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரே ஆள் இவர்தான் என்று பெயர். என் முன்னால் சொல்லும்போதும் நிறுத்தி, அசை பிரித்துத்தான் சொல்வார். நான் இல்லாத அறையிலிருந்து சூப்ரண்டு கேட்கும்.

எழுதக் கற்றுக்கொடுத்தேன். பதவி கொடுக்க என்னால் முடியவில்லை.

ஜூன் 11, புதன்

இன்னும் ஒன்பது நாள். நித்திலாவிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவள் அமைத்த கணினிதானே.

அவள் புனேயில் இருக்கிறாள். போன அக்டோபரில் தேர்வு எழுதித் தேறி, அரசுப் பணிக்கான ஆணையும் வந்த பிறகு, "எனக்கு இது வேண்டாம், நான் படம் வரையப் போறேன்" என்று அனிமேஷன் கம்பெனிக்குப் போனவள். இவர் அந்த ஆணையை லேமினேட் செய்து வைத்திருந்தார். "இனிமே என்னைக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். இவருடைய அந்த ஒரு வார்த்தையால்தான் பெண் வீட்டை விட்டுப் போனாள். இவருக்கும் அவளுக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை.

போவதற்கு முதல் நாள் எங்களுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். நான் படித்தேன். பதினேழு ஒற்றுப்பிழை. மொழியியல் படித்தவள் வீட்டில் வளர்ந்த பெண்! சிவப்புப் பேனா கையில் இருந்தது. வட்டம் போட்டு அங்கேயே வைத்தேன். பழக்கம், அவ்வளவுதான். காலையில் அதை எடுத்துப் பார்த்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

என் செய்திகளுக்கு "சரி" என்று பதில் அனுப்புகிறாள். எதைக் கேட்டாலும் சரி. சுருக்கமாக எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள், நல்லதுதான்.

இன்று கேட்டேன்: "வீட்டுக் கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல் என்ன?"

இரண்டு மணி நேரம் கழித்துப் பதில்: "அப்பாவுக்கு தெரியும்."

ஒரு த் இல்லை. போகட்டும், அவருக்குத் தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் பரிசீலிக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் இவர் தூங்கும்போது நிர்வாகி பெயரைச் சொடுக்கி, தோன்றியதைத் தட்டினேன். தவறு. கீழே ஒரு வரி வந்தது: "குறிப்பு: அப்பா கூப்பிடறது."

கூப்பிடுவது என்றுகூட எழுதத் தெரியாதா? பாப்பா, நித்தி, குட்டி, அம்மாடி – தெரிந்ததையெல்லாம் ஆங்கில எழுத்தில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் டொங்.

அந்த டொங்கை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

ஜூன் 14, சனி

இவர் மீன் வாங்கப் போனார். தன் கணக்கை மூடாமல் போய்விட்டார். அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். நிர்வாகி கணக்கு நித்திலாவுடையது. "அறவாழி" என்ற பெயருக்குக் கீழே இருந்தது: சாதாரணப் பயனர்.

சாதாரணப் பயனர்! அந்தக் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ இவருக்கும் எனக்கும் ஒரே உரிமைதான்: எதுவும் இல்லை. ஊரடங்கிலிருந்து இவர் நிர்வாகி என்று பால்காரர் முதல் சம்பந்தமில்லாதவர் வரை சொல்லிக்கொண்டிருந்தாரே! நான் சமையலறையிலிருந்து மனு எழுதிக் கொடுத்து, அதற்குத் தேதி போடவில்லை என்று திட்டும் வாங்கினேனே!

வந்து பையை வைத்தார். "சங்கரா நல்லா இருந்துச்சு, அரைக் கிலோ வாங்கினேன்."

மீனைக் கழுவினேன்.

ஜூன் 16, திங்கள்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கணினிக் கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பெண்.

"பார்மட் பண்ணிடலாம் மேடம், அரை மணி நேரம். ஆனா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். பரவாயில்லையா?"

"பரவால்ல," என்றேன்.

ஹாலில் பேப்பர் மடியும் சத்தம்.

"என்ன பரவால்ல? அதுல நம்ம பொண்ணு வரைஞ்சதெல்லாம் இருக்கு. ஏழாங் கிளாசுலேருந்து வரைஞ்சதைக்கூட ஸ்கேன் பண்ணி ஏத்தி வெச்சிருக்கு."

"பென்டிரைவ்ல எடுத்து வெச்சுக்கலாம்."

"அந்தக் கணக்குக்குள்ள போனாத்தானே எடுக்க முடியும்?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். நிர்வாகி சொல்லக் கூடாத வாக்கியம் அது. நானும் கேட்காதது போல நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லிப் போனை வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் கணினியின் பவர் கேபிளைக் காணோம். கடைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். "தெரியல, எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார் இவர். ஒன்றரை மீட்டர் கேபிளை.

சாயந்தரம் இட்லிக்கு ஊறவைக்க உளுந்து டப்பாவைத் திறந்தேன். உள்ளே சுருட்டி வைத்திருந்தது. இந்த வீட்டில் வாரம் இரண்டு முறை நான் திறக்கும் டப்பா எது என்று இருபத்தேழு ஆண்டுகளில் இவருக்குத் தெரியவில்லை.

கேபிளை எடுத்துப் போய் இவர் மடியில் போட்டேன். உளுந்து சிதறியது.

"நீங்க நிர்வாகி இல்ல. சாதாரணப் பயனர். நான் பாத்துட்டேன்."

உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எனக்குத் தேர்வு. தெரியும்ல? பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்னு உங்க பொண்ணு சொல்றா. தெரிஞ்சுகிட்டே ரெண்டு வாரமா மனு வாங்கி விளையாடுறீங்க."

"அது அப்படிச் சொல்லுச்சா?" நிமிர்ந்து பார்த்தார். "தெரியும்னா சொல்லுச்சு?"

"ஆமா."

"மாத்திருச்சு சுகந்தி. நான் டெய்லி போட்டுப் பாக்கிறேன். எட்டு மாசமா. நான் கூப்பிடறதுதான் பாஸ்வேர்டுன்னு அதுவேதான் சொல்லுச்சு. சரியாத்தான் போடுறேன், ஒரு எழுத்து பிசகாம. திறக்க மாட்டேங்குது. நான் கூப்பிடாதன்னு சொன்னேன்ல? மாத்திட்டுப் போயிருச்சு."

"என்னன்னு போடுறீங்க?"

"சின்ன வயசுல என் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நாற்காலியில ஏறி, நோட்டுல கையெழுத்துப் போடுமே, அப்பலேருந்து கூப்பிடறதுதான். சூப்..."

என்னைப் பார்த்தார். நிறுத்தினார். அசை பிரித்துச் சொன்னார்: "சூப்பரின்டென்டென்ட்."

பிறகு உளுந்துக்குக் குனிந்துவிட்டார்.

இதற்குத்தான் பரிசீலனை. கிடைக்கிற நாளில் மனுவுக்கு அனுமதி எழுதிவிடலாம் என்று தினமும் தட்டியிருக்கிறார். முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல மாட்டார், இவர்கள் வம்சமே அப்படி.

ஜூன் 18, புதன்

காலையில் தோசை வார்க்கும்போது கேட்டது. கேட்டது என்றால் நினைவில். "சூப்..." என்று தொடங்கி என்னைப் பார்த்ததும் மாற்றிய அந்தச் சொல்.

மொழியியலில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது இது. எழுத்து வேறு, ஒலி வேறு. ஐந்து வயதுக் குழந்தை அப்பா வாயில் கேட்டது எந்த ஒலியோ அதைத்தான் பெயராக வைத்துக்கொள்ளும். அகராதியைப் பார்த்தா வைத்துக்கொள்ளும்? கடவுச்சொல்லை எழுதியது அந்தக் குழந்தை. தட்டிக்கொண்டிருப்பது என்னிடம் பத்து முறை இம்போசிஷன் எழுதிய மாணவர். ஒரு எழுத்து பிசகாமல்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

எஸ், யு, பி, ஆர், ஏ, என், டி, யு. டொங்.

பேப்பர் அசையவில்லை.

நெடில் ஆயிற்றே. இவர் சூ என்று இழுப்பார். எஸ், ஓ, ஓ, பி, ஆர், ஏ, என், டி, யு.

திறந்தது. திரை முழுக்க ஒரு படம்: ஒரு நாற்காலி, அதில் தன் முகத்தைவிடப் பெரிய கண்ணாடி போட்ட ஒரு சிறுமி, எதிரே கைகட்டி நிற்கும் ஒல்லியான ஆள். ஓரத்தில் சிவப்புப் பேனாவோடு ஒரு பெண்மணி. மூக்கை வேண்டுமென்றே நீட்டி வரைந்திருக்கிறாள். என் மூக்கு அவ்வளவு நீளம் இல்லை.

"மாத்தல," என்றேன்.

இவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"நான் சரியாத்தானே போட்டேன்?"

"சரியாப் போட்டதுதான் தப்பு."

மென்பொருளை நிறுவினேன். நான்கு நிமிடம் ஆயிற்று. இந்த நான்கு நிமிடத்துக்குப் பதினாறு நாள். அப்படியே என் பெயரில் ஒரு கணக்கு. அறவாழி என்ற கணக்கில் "சாதாரணப் பயனர்" என்பதை "நிர்வாகி" என்று மாற்ற ஒரே ஒரு சொடுக்கு. அதையும் செய்தேன். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்; பொய்யாக இருக்க வேண்டாம்.

நித்திலாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நான்கைந்து முறை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "சூப்ரண்டு. நீ எழுதியிருந்தது சரி."

பதில் இல்லை. "சரி" என்றுகூட இல்லை.

ஜூன் 19, வியாழன்

காலை ஏழே முக்காலுக்கு இவர் போன் அடித்தது. சமையலறையில் குழாயை மூடினேன். பாத்திரம் ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ம்... ம்... சாப்ட்டியா?... இல்ல, இல்ல, அதெல்லாம் ஒண்ணும் இல்ல... சொல்லுங்க சூப்ரண்டு மேடம்."

நான் அறைக்குள் வந்ததைப் பார்த்தார். திருத்திக்கொள்ளவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"அம்மா, மூக்கைப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"ரொம்ப நீளமா?"

"விகிதம் தப்பு," என்றேன். அவள் சிரித்தாள். நாளைக்குத் தேர்வு என்று சொன்னேன். மைக் சோதித்துப் பார்த்தாயா, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்றெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தாள். அந்தக் கடிதத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

நான்கு சுவரையும் காட்டினேன். ஒரு சுவரில் லேமினேட் செய்த ஆணை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று கேட்டார்கள், குடும்ப ஆவணம் என்றேன். ஐம்பது நிமிடம். இரண்டு கேள்விக்கு நன்றாகச் சொல்லவில்லை, மற்றதற்கு அவர்களைவிட எனக்கு அதிகம் தெரிந்திருந்தது. முடிவு ஜூலையில்.

கதவைத் திறந்தால் இவர் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலிங் பெல் சுவிட்சை அணைத்திருக்கிறார். குக்கர் விசில் வராமல் இருக்க இரண்டு மணி நேரமாக அடுப்பே பற்றவைக்கவில்லையாம்.

"பசிக்குதா?" என்று என்னிடம் கேட்கிறார்!

ஜூன் 21, சனி

டீவி மேல் அந்தப் பழைய டைரி திறந்து கிடந்தது. வேண்டுமென்றே திறந்து வைத்தது என்று எனக்குத் தெரியாதா? வரிசை எண் 1க்கும் 2க்கும் எதிரே "பரிசீலனையில் உள்ளது" என்பதை அடிக்கோல் வைத்து அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தார்: "அனுமதிக்கபட்டது. கோப்பு முடிக்கபட்டது." கையெழுத்து, தேதி. கையெழுத்துக்குக் கீழே, பதவி எழுதும் இடத்தில்: நிர்வாகி.

இரண்டு இடத்திலும் ப் இல்லை. சிவப்புப் பேனா பக்கத்திலேயே இருந்தது.

டைரியை மூடி வைத்தேன். உளுந்து ஊறவைக்க வேண்டும்.